வண்டி வந்துருச்சு, நான் இன்னும் வரல

(எபிசோடின் எழுத்து வடிவம். திரும்பத் திரும்ப வந்த சொற்களை மட்டும் எடுத்திருக்கோம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கோம்.)

 

லடாக் போறது பத்தி நம்ம ஊர்ல இப்போ யாருக்கும் எதுவும் சொல்லித்தர வேண்டியதில்ல. எந்த மாசம் போகணும், எத்தனை லிட்டர் கேன் கட்டணும், எந்தக் கையுறை குளிர் தாங்கும், எல்லாத்துக்கும் வீடியோ இருக்கு. ஆனா அந்த வீடியோக்களைக் கடைசி வரைக்கும் பாருங்க. போற வழி அஞ்சு எபிசோட், லடாக் பத்து எபிசோட். திரும்பி வர்றது? பின்னாடி ஒரு பாட்டைப் போட்டு இருபது செகண்ட்ல முடிச்சிருவாங்க. ஏதோ ஹெலிகாப்டர்ல ஏத்திக் கொண்டுவந்து வீட்டு வாசல்ல இறக்கிவிட்ட மாதிரி.

கிலோமீட்டர் கணக்குல பார்த்தா, திரும்புறதும் பயணத்துல பாதி. என் விஷயத்துல பாதிக்கும் மேல. சென்னையில இருந்து மணாலி வழியா லே போனப்போ சுமார் 3,200 கிலோமீட்டர். திரும்பும்போது கார்கில், ஸ்ரீநகர் வழியா இறங்கினதால 3,700 தாண்டிருச்சு. நடுவுல அங்க சுத்தினது தனி. மொத்தம் 38 நாள். அதுல பத்து நாள் வெறும் திரும்பி வந்த நாள்.

இன்னைக்கு எபிசோட் அந்தப் பத்து நாளைப் பத்தியும், அதுக்கப்புறம் வந்த ஒரு மாசத்தைப் பத்தியும். தனியா வண்டி எடுத்துட்டுப் போகணும்னு நினைக்கிறவங்களுக்கு இது உதவும். போயிட்டு வந்து, ‘எனக்கு என்னமோ ஆயிடுச்சு, என்னன்னு தெரியல’ன்னு உக்காந்திருக்கிறவங்களுக்கு இன்னும் அதிகமா உதவும்னு நினைக்கிறேன்.

கடைசி நாள்தான் ஆபத்தான நாள்

முதல்ல ரோட்டுல இருந்து ஆரம்பிக்கலாம்.

ஸ்ரீநகர்ல ஏறினா என்எச் 44. கன்னியாகுமரி வரைக்கும் போற ரோடு, நாட்டுலயே மிக நீளமான தேசிய நெடுஞ்சாலை. ஜம்மு, பானிபட், டெல்லி, ஆக்ரா, குவாலியர், நாக்பூர், ஐதராபாத், பெங்களூருன்னு ஒரே கோடு. மலையில ஒவ்வொரு வளைவுக்கும் உடம்பு முழிச்சுட்டே இருக்கும். இங்க அந்த வேலையே இல்ல. நேரா, அகலமா, நாலு வழி. டோல்கேட்ல நமக்குக் காசும் கிடையாது. இடது ஓரமா இருக்கிற சின்னச் சந்துல நுழைஞ்சு போயிட்டே இருக்கலாம். இந்தச் சுகம்தான் சிக்கல்.

மத்தியப் பிரதேசத்துல இருந்து நாக்பூர் வர்ற வழியில பெஞ்ச் புலிகள் காட்டை ஒட்டி ரோட்டை மேல தூக்கிக் கட்டியிருக்காங்க. கீழ புலி, மான் எல்லாம் நடந்து போறதுக்காக. போகும்போது அந்த இடத்துல வண்டியை மெதுவாக்கி, அவ்வளவு ஆசையாப் பார்த்தேன். திரும்பும்போது அதே இடத்தைத் தாண்டி இருபது கிலோமீட்டர் போனப்புறம்தான் தாண்டிட்டோம்னே தெரிஞ்சது. கண் திறந்திருக்கு, வண்டி ஓடுது, ஆனா மனசு எப்பவோ வீட்டுக்குப் போய் சோறு சாப்பிட உக்காந்துருச்சு.

விமானம் ஓட்டுறவங்க இதுக்கு ஒரு பேரே வெச்சிருக்காங்க: ‘கெட் தேர் ஐட்டிஸ்’. ஏதோ வியாதிப் பேர் மாதிரி கிண்டலா வெச்ச பேர், ஆனா விஷயம் கிண்டல் இல்ல. போய்ச் சேரணும்ங்கிற வேகம் வந்துட்டா, வானிலை மோசமாகுது, உடம்பு தளருது, எரிபொருள் குறையுதுன்னு கண்ணுக்கு முன்னாடி தெரியற எச்சரிக்கையைக்கூட ஆள் தள்ளிவெச்சிருவான். ‘இன்னும் கொஞ்சம்தானே’ன்னு தோணும். பைக்ல போறவனுக்கும் அதேதான். 600 கிலோமீட்டர் ஓட்டின நாள்ல ‘இன்னும் 200 போட்டா ராத்திரியே வீட்டுக்குப் போயிரலாம்’னு ஒரு குரல் கேக்கும் பாருங்க, அதை நம்பவே கூடாது.

அதனால கிளம்புறதுக்கு முன்னாடியே எனக்கு மூணு விதி எழுதி வெச்சிருந்தேன். அப்படியே சொல்றேன், வேணும்னா எடுத்துக்கோங்க.

ஒண்ணு, கடைசி நாள் தூரம் கம்மியா இருக்கணும். நான் பெங்களூர்ல ஒரு தோழி வீட்டுல ராத்திரி தங்கினேன். அங்கிருந்து சென்னை சுமார் 350 கிலோமீட்டர். காலையில அஞ்சரைக்குக் கிளம்பினா, எவ்வளவு மெதுவா வந்தாலும் வெளிச்சத்துலயே வந்துரலாம்.

ரெண்டு, எத்தனை மணிக்கு வருவேன்னு வீட்டுல சொல்லக் கூடாது. ‘இன்னைக்கு வருவேன்’, அவ்வளவுதான். ‘ரெண்டு மணிக்குச் சாப்பாட்டுக்கு வந்துருவேன்’னு சொல்லிட்டா, அந்த ரெண்டு மணி பின்சீட்டுல உக்காந்து முதுகுல தட்டிட்டே வரும்.

மூணு, நூறு கிலோமீட்டருக்கு ஒரு தடவை இறங்கணும். தூக்கம் வருதோ இல்லையோ, தாகம் எடுக்குதோ இல்லையோ, இறங்கணும். ஹெல்மெட்டைக் கழட்டணும், தண்ணி குடிக்கணும், பத்து நிமிஷம் நடக்கணும். ஆம்பூர் வரும்போது சரியாச் சாப்பாட்டு நேரம். பிரியாணி வாசனை ரோடு வரைக்கும் வரும். நான் பார்சல் வாங்கிக் கட்டிக்கிட்டேன். அந்த வெயில்ல வயிறு முட்டச் சாப்பிட்டுட்டு மறுபடியும் ஹைவேல ஏறினா, கண் சொருகுறதுக்கு நாமளே பாய் விரிச்ச மாதிரி.

இன்னொரு விஷயமும் இருக்கு, இது நிறைய பேருக்குத் தெரியாது. ரொம்ப நேரம் வேகமாப் போயிட்டு வேகத்தைக் குறைச்சா, நாம போற உண்மையான வேகத்தை மூளை குறைச்சுத்தான் கணக்குப் போடும். 90-ல பல மணி நேரம் வந்துட்டு 60-க்கு இறங்கினா, ஏதோ 40-ல உருட்டிட்டுப் போற மாதிரி இருக்கும். ஸ்ரீபெரும்புதூர் தாண்டி பூந்தமல்லி வரும்போது இது முக்கியம். ஹைவேல நம்ம கண் இருநூறு மீட்டர் தள்ளிப் பார்க்கும். ஊருக்குள்ள பத்து மீட்டர்ல ஷேர் ஆட்டோ நிக்கும். அந்த இடத்துல மனசை நம்பாதீங்க, ஸ்பீடாமீட்டரைப் பாருங்க. முடிஞ்சா ஊருக்கு முன்னாடியே ஒரு டீ குடிச்சு, கண்ணையும் கையையும் ஊர் வேகத்துக்குக் கொண்டுவந்துட்டு உள்ள வாங்க.

உடம்பு என்ன சொல்லும்

வந்து சேர்ந்தாச்சு. குளிச்சாச்சு, சாப்பிட்டாச்சு, படுத்தாச்சு. கண்ணை மூடினா ரோடு ஓடும். ரெண்டு மூணு ராத்திரிக்குக் கட்டிலே மெதுவா அதிர்ற மாதிரி இருந்தது எனக்கு. காலையில நாலரைக்கு யாரோ எழுப்பின மாதிரி முழிப்பு வரும். எழுந்து உக்காந்து, ‘அடுத்த ஊர் எது?’ன்னு யோசிப்பேன். அடுத்த ஊர் கிச்சன்.

வலது கையில மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போய் இருந்தது. நாள் முழுக்க ஹேண்டில்பாரை அழுத்திப் பிடிச்சு, அதிர்வும் சேரும்போது உள்ளங்கை ஓரமாப் போற நரம்பு அமுங்கும். அதனால வர்ற மரப்பு இது. எனக்கு ஒரு வாரத்துல சரியாயிடுச்சு. ரெண்டு மூணு வாரம் ஆகியும் போகலைன்னா, இல்ல கையில பிடி குறையுதுன்னா, டாக்டர்கிட்ட காட்டிருங்க. ‘ரைடருக்கு இதெல்லாம் சகஜம்’னு விட்டுறாதீங்க.

காதும் அப்படித்தான். ஹெல்மெட்டுக்குள்ள காத்து அடிக்கிற சத்தம் நாம நினைக்கிறதை விட ரொம்ப அதிகம். ஹைவே வேகத்துல மணிக்கணக்காக் கேட்டா காதுக்குக் கெடுதல் பண்ற அளவுக்குப் போகும். மெடிக்கல் ஷாப்ல கிடைக்கிற சாதாரண பஞ்சு இயர்பிளக் போட்டாலே பெரிய வித்தியாசம் தெரியும். ராத்திரி அமைதியா இருக்கும்போது காதுக்குள்ள ‘ஙொய்’னு சத்தம் வந்துட்டே இருந்தா, அதையும் போய்க் காட்டுங்க.

ஒரே ஒரு நல்ல செய்தி. லே சுமார் 3,500 மீட்டர் உயரம். அங்க காத்தழுத்தம் கடல்மட்டத்துல இருக்கிறதுல மூணுல ரெண்டு பங்குதான். அங்க சில வாரம் இருந்தா உடம்பு கூடுதலா ரத்தச் சிவப்பணுக்களை உண்டாக்க ஆரம்பிக்கும். கீழ வந்ததும் அது ஒரே நாள்ல போயிடாது, மெதுவாத்தான் குறையும். முதல் வாரம் அபார்ட்மெண்ட்ல நாலு மாடி ஏறி வந்தும் மூச்சு வாங்கல. லிஃப்ட் ரிப்பேரா இருந்தது வேற விஷயம்.

மெக்கானிக் அண்ணன் படிச்ச டைரி

வந்ததும் நிறைய பேர் பண்றது என்னன்னா, வண்டிக்கு ஒரு வாட்டர் வாஷ் அடிச்சு, போட்டோ எடுத்து, கவர் போட்டு மூடிருவாங்க. ‘அதுவும் பாவம், ரெஸ்ட் எடுக்கட்டும்’னு. வண்டிக்கு ரெஸ்ட் தேவையில்ல மக்களே, சர்வீஸ் தேவை. மலைச் சேறும் ஆத்துத் தண்ணியும் பட்ட செயினை அப்படியே ரெண்டு வாரம் நிறுத்தினா துரு பிடிச்சுக்கும்.

எங்க ஏரியால இருபது வருஷமாக் கடை வெச்சிருக்கிற ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கார். என் வண்டி ஹிமாலயன், 411 சிசி. நான் எங்க போனேன், எப்படிப் போனேன்னு ஒண்ணுமே சொல்லல. வண்டியைச் சுத்தி ஒரு ரவுண்டு வந்தார். பின் டயரைக் கையால தடவிப் பார்த்தார்.

“என்னம்மா, இது நேரா மட்டும் போயிருக்கு?”

நடுவுல தேஞ்சு சப்பையா இருந்தது. ரெண்டு ஓரமும் கிட்டத்தட்டப் புதுசு. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நேர் ரோட்டுல ஓடினா டயர் அப்படித்தான் ஆகும். பார்க்க நிறைய ரப்பர் இருக்கிற மாதிரி தெரியும், ஆனா வளைவுல சாய்க்கும்போது வண்டி சட்டுனு விழற மாதிரி இருக்கும். மாத்திட்டேன்.

ஏர் ஃபில்டரைக் கழட்டித் தட்டினார். கீழ விரிச்சிருந்த பேப்பர்ல சாம்பல் கலர்ல ஒரு தூசி, செம்மண் கலர்ல ஒரு தூசி. “இது எந்த ஊரு, இது எந்த ஊரு?”ன்னு கேட்டார். அப்புறம் ஹேண்டிலை மெதுவா ரெண்டு பக்கமும் திருப்பி, நடுவுல லேசாத் தட்டி நிக்குதுன்னு காமிச்சார். கோன் செட் போயிருந்தது, குழியில அடிச்சதால. முன் பிரேக் பேட் காகிதம் மாதிரி இருந்தது, அது மலையிறக்கத்தோட கணக்கு. நான் இன்ஸ்டாகிராம்ல போட்ட அத்தனை பதிவுலயும் இல்லாத விவரத்தை அவர் பத்து நிமிஷத்துல வண்டியிலயே படிச்சிட்டார்.

நீங்க செய்ய வேண்டியது இதுதான். வந்த ஒரு வாரத்துக்குள்ள இஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், செயின் ஸ்ப்ராக்கெட், பிரேக் பேட், ஸ்போக், கோன் செட், கிளட்ச் கேபிள், எல்லாத்தையும் பார்க்கச் சொல்லுங்க. இதுக்கும் ஒரு டயருக்கும் ஆகுற பணத்தைப் பயணச் செலவுலயே சேர்த்து எடுத்து வெச்சிருங்க. எனக்குப் பெட்ரோலுக்கு மட்டும் 27,000 ரூபாய்க்குக் கிட்ட ஆச்சு. திரும்பி வந்தப்புறம் வண்டிக்கு ஆனது அதுல கிட்டத்தட்டப் பாதி. இந்த ரெண்டாவது கணக்கை யாரும் வீடியோல சொல்ல மாட்டாங்க.

“எப்படி இருந்துச்சு?”

சரி, இப்போ கஷ்டமான பகுதிக்கு வருவோம்.

முதல் நாள் ஆபீஸ். எல்லாரும் ஓடி வந்து கேட்டாங்க, “எப்படி இருந்துச்சு?” நான் வாயைத் திறந்து, “ஜோஜிலா இறங்கும்போது...”ன்னு ஆரம்பிச்சேன். அதுக்குள்ள ஒருத்தர், “சூப்பர், சூப்பர், போட்டோ பார்த்தேன். ஆமா, அந்த டிக்கெட்டை யாரு க்ளோஸ் பண்ணப் போறது?”ன்னார். அவங்க மேல தப்பே இல்ல. அவங்க 38 நாளும் இங்கதான் இருந்தாங்க, அவங்களுக்கு 38 நாள் வேலை இருந்தது. ஆனா அந்த இடத்துல எனக்குள்ள ஏதோ ஒண்ணு படக்குனு மூடிக்கிச்சு.

இது எனக்கு மட்டும் நடந்தது இல்லன்னு அப்புறம் தேடிப் படிக்கும்போது தெரிஞ்சது. எல்ஸ்பெத் பியர்ட்னு ஒரு பிரிட்டிஷ் பெண். 1982-ல இருபத்துச் சொச்ச வயசுல, ஆர்க்கிடெக்சர் படிப்பு நடுவுல, ஒரு பழைய பிஎம்டபிள்யூ பைக்கை எடுத்துட்டு உலகத்தைச் சுத்தக் கிளம்பினாங்க. சுமார் 56,000 கிலோமீட்டர். இந்தியா வழியாவும் வந்திருக்காங்க. 1984-ல லண்டன் திரும்பினாங்க. பைக்ல உலகம் சுத்தின முதல் பிரிட்டிஷ் பெண்ணுன்னு இன்னைக்குக் கொண்டாடுறோம். ஆனா அன்னைக்குத் திரும்பி வந்தப்போ பத்திரிகைகள் கண்டுக்கல. சுத்தி இருந்தவங்களும் பெருசாக் கேட்டுக்கல. எல்லாத்தையும் மூட்டை கட்டி வெச்சிட்டு, படிப்பை முடிச்சு, ஆர்க்கிடெக்டா வேலை பார்க்கப் போயிட்டாங்க. அந்தப் பயணத்தைப் பத்தின அவங்க புத்தகம் ‘லோன் ரைடர்’ வந்தது 2017-ல. முப்பது வருஷத்துக்கும் மேல ஆச்சு. நமக்கு டிக்கெட் க்ளோஸ் பண்ற வரைக்கும்கூடப் பொறுமை இல்ல!

ஆராய்ச்சிப் பக்கமும் கொஞ்சம் பார்க்கலாம். வெளிநாடு போறவங்க மனநிலை முதல்ல உச்சத்துல இருந்து, அப்புறம் சரிஞ்சு, மறுபடி ஏறும்னு 1955-ல லிஸ்கார்ட்னு ஒரு நார்வே ஆய்வாளர் எழுதினார். ‘யு’ எழுத்து மாதிரி ஒரு வளைவு. 1963-ல கல்லஹார்ன்னு ஒரு தம்பதி, கதை அங்க முடியலன்னு சொன்னாங்க. வீட்டுக்குத் திரும்பினப்புறம் இன்னொரு தடவை அதே மாதிரி சரிஞ்சு ஏறுது. ரெண்டு ‘யு’ சேர்ந்தா ‘டபிள்யூ’. போற இடம் புதுசுன்னு நமக்கு முன்னாடியே தெரியும், அதுக்குத் தயாராப் போறோம். வீடு புதுசா இருக்கும்னு யாரும் தயாராகிறதில்ல. அதனாலதான் ரெண்டாவது சரிவு நம்மளை அசர வைக்குது.

2010-ல நெதர்லாந்துல ஒரு ஆய்வு. லீவுல போனவங்களையும் போகாதவங்களையும் ஒப்பிட்டாங்க. போறதுக்கு முன்னாடி, போகப் போறவங்க கூடுதல் சந்தோஷமா இருந்தாங்க. திரும்பினப்புறம்? பெரும்பாலானவங்க விஷயத்துல, போகாதவங்களுக்கும் இவங்களுக்கும் வித்தியாசமே இல்ல. ரொம்ப நிம்மதியா லீவு கழிச்சவங்களுக்கு மட்டும்தான் அந்தச் சந்தோஷம் கொஞ்சம் நீடிச்சுது. தினம் 400 கிலோமீட்டர் வண்டி ஓட்டுறது எந்தக் கணக்குலயும் ‘ரொம்ப நிம்மதி’ல வராது!

ஏன் இப்படி ஆகுதுன்னு நான் என் அளவுல யோசிச்சது ஒண்ணு இருக்கு. ரோட்டுல ஒவ்வொரு நாளும் முடியும். காலையில ஒரு ஊர், சாயங்காலம் இன்னொரு ஊர். வண்டியை நிறுத்தி, சாவியை எடுத்ததும் அன்னைக்கு வேலை முடிஞ்சது. வீட்டுல எந்த நாளும் முடியறதில்ல. மெயில் முடியாது, ஈஎம்ஐ முடியாது, ‘கல்யாணத்துக்கு என்ன யோசிச்சிருக்க?’ முடியவே முடியாது. இங்க வந்ததும் நாம ஏங்குறது மலைக்காக மட்டும் இல்ல. அந்த ‘முடிஞ்சது’ங்கிற உணர்வுக்காகவும்தான்.

அதுக்கு ரெண்டு சின்ன வைத்தியம் சொல்றேன். ‘எப்படி இருந்துச்சு?’ன்னு கேட்டா சொல்றதுக்கு மூணு பதில் தயார் பண்ணிக்கோங்க. பத்து செகண்ட் பதில் ஒண்ணு, லிஃப்ட்ல கேக்கிறவங்களுக்கு. ரெண்டு நிமிஷப் பதில் ஒண்ணு, ஒரே ஒரு சம்பவம், சொன்னா சிரிக்கணும். ஒரு மணி நேரப் பதில் ஒண்ணு. அதை யாருக்குச் சொல்லணும்னு நீங்க முடிவு பண்ணுங்க. எல்லாருக்கும் மூணாவதைக் கொடுக்கப் போய்த்தான் மனசு உடையுது.

ரெண்டாவது, திரும்பி வந்த முப்பது நாளைக்குப் பெரிய முடிவு எதுவும் வேண்டாம். வேலையை விடுறது, வண்டியை விக்கிறது, ஊரை மாத்துறது, உறவை முறிக்கிறது, எதுவும் வேண்டாம். தோணினதை ஒரு பேப்பர்ல எழுதி தேதி போட்டு வைங்க. முப்பத்தோராவது நாள் எடுத்துப் பாருங்க. அப்பவும் அதே எண்ணம் இருந்தா தாராளமாச் செய்யுங்க. என் பேப்பர்ல ஆறு வரி இருந்தது. ஒரு மாசம் கழிச்சு ரெண்டுதான் மிச்சம் நின்னது. அந்த ரெண்டு உண்மையான வரி.

வீட்டுல இருந்தவங்க போன பயணம்

நான் அதிகமாப் பேச நினைச்சது இந்த விஷயம்தான்.

எங்க வீட்டுல நானும் அம்மாவும் மட்டும். அப்பா இறந்து மூணு வருஷம் ஆச்சு. அம்மா கல்யாணத்துக்கு முன்னாடி அவங்க அம்மா வீட்டுல, அப்புறம் அப்பாகூட, அப்புறம் என்கூட. வாழ்க்கையில ஒரு ராத்திரிகூடத் தனியா ஒரு வீட்டுல படுத்ததில்ல. நான் கிளம்பினதும் முதல் தடவையா, 38 ராத்திரி.

போறதுக்கு முன்னாடி அம்மா ஒரே ஒரு கண்டிஷன் போட்டாங்க. தினம் ஒரு போட்டோ அனுப்பணும். “மலை வேண்டாம், ஏரி வேண்டாம். உன் மூஞ்சி தெரியணும்.” ஜம்மு காஷ்மீர்லயும் லடாக்லயும் வெளி மாநில ப்ரீபெய்ட் சிம் எடுக்காது, போஸ்ட்பெய்ட்தான் எடுக்கும். அதுக்காகவே சிம்மை மாத்தினேன். சிக்னலே இல்லாத ஊர்கள்ல, மறுநாள் சேர்த்து ரெண்டு மூஞ்சி அனுப்பினேன்.

திரும்பி வந்தேன். கட்டிப்பிடிச்சு அழுதாங்க, திட்டினாங்க, சாம்பார் ஊத்தினாங்க, எல்லாம் எதிர்பார்த்தபடி. சாப்பிட்டு என் ரூமுக்குள்ள போனா, அது என் ரூம் இல்ல. கட்டில் சுவரோரமா நிமிர்த்தி வெச்சிருக்கு. ஜன்னல் பக்கத்துல தையல் மிஷின். என் மேசை மேல அளவு டேப்பு, கத்தரி, வெட்டின துணி, எழுதி வெச்ச அளவுகள். பதினஞ்சு வருஷமா லாஃப்ட்ல கிடந்த மிஷினைப் பக்கத்து வீட்டு அக்காவோட சேர்ந்து இறக்கி, எண்ணெய் விட்டு, பெல்ட் மாத்தி ஓட வெச்சிருக்காங்க. அபார்ட்மெண்ட்ல எட்டுப் பேருக்கு பிளவுஸ் தெச்சுக் கொடுத்திருக்காங்க. பணம் ஜிபேல வருது. ஜிபேயே அவங்களுக்கு இந்த 38 நாள்லதான் வந்தது.

“அம்மா, என் ரூமு?”ன்னு கேட்டேன்.

“வெளிச்சம் அங்கதாண்டி நல்லா இருக்கு”ன்னாங்க.

நான் ஒண்ணும் சொல்லல. ரெண்டு நாள் ஹால்ல படுத்தேன். சொந்தக்காரங்க வந்து பார்த்தாங்க. “தனியாப் போயிட்டு வந்துருக்கா பாரு, என்ன தைரியம்!”னு ஆளாளுக்கு என்னைத்தான் பாராட்டினாங்க. எல்லாரும் போனப்புறம் அம்மா டம்ளரை எடுத்து வெச்சுக்கிட்டே, ரொம்பச் சாதாரணமாச் சொன்னாங்க: “நீ முப்பத்தெட்டு நாள் தனியா இருந்தேன்னு ஊரே கை தட்டுது. நானுந்தான் முப்பத்தெட்டு நாள் தனியா இருந்தேன்.”

அதுக்கப்புறம்தான் அவங்க பேசப் பேச நான் கேட்டேன். முதல் ஒரு வாரம் ஹால் லைட்டை அணைக்காமலே படுத்திருக்காங்க. எட்டாவது நாள் கரண்ட் போச்சு, லைட் தானா அணைஞ்சது, அப்படியே தூங்கிட்டாங்க. அடுத்த நாள்ல இருந்து லைட்டைப் போடல. காலண்டர்ல ஒவ்வொரு தேதிக்குக் கீழயும் நான் இருந்த ஊர் பேர் எழுதியிருக்காங்க. கேலாங், சர்ச்சு, டிஸ்கிட், கார்கில். எனக்கே வரிசை மறந்துபோச்சு, அவங்களுக்கு மறக்கல. எனக்கு ஒரு டெல்லி, ஒரு நாக்பூர் கடந்த மாதிரி, அவங்களும் ஒவ்வொண்ணாக் கடந்திருக்காங்க: தனியா பேங்க்குக்குப் போனது, கேஸ் சிலிண்டர் மாத்தினது, ராத்திரி பத்து மணிக்கு யாரோ பெல் அடிச்சப்போ கதவைத் திறக்காம யாருன்னு கேட்டது.

நம்ம எல்லாரும் ‘வீட்டுக்குத் திரும்புறோம்’னு சொல்றோம். விட்டுட்டுப் போன இடத்துல வீடு அப்படியே உக்காந்திருக்கும்னு ஒரு நினைப்பு. அதுவும் நகர்ந்திருக்கு மக்களே. நாம இல்லாத நாள்ல அதுக்கும் ஒரு பாதை கிடைச்சிருக்கு. திரும்பி வர்றவங்க கேக்க வேண்டிய கேள்வி, ‘எனக்கு என் பழைய இடம் எங்க?’ங்கிறது இல்ல, ‘இந்தப் புது வீட்டுல நாம ரெண்டு பேரும் எப்படி இருக்கப் போறோம்?’ங்கிறதுதான்.

எங்க வீட்டுல அதைப் பேசித்தான் தீர்த்தோம், அதுக்கு மூணு நாள் ஆச்சு. கொஞ்சம் சத்தமும் இருந்தது. பகல்ல அது தையல் ரூம், ராத்திரி என் ரூம். மிஷின் ஜன்னல் பக்கம் இருக்கும், கட்டில் சுவர்ப் பக்கம் போச்சு. என் மேசை ஹாலுக்கு வந்துருச்சு. நான் வந்த நாலாவது நாள் ஆயுத பூஜை. ஒரே தட்டுல இருந்து மிஷினுக்கும் பைக்குக்கும் சந்தனம் குங்குமம் வெச்சாங்க. முதல்ல மிஷினுக்கு.

“இனிமே போக மாட்டல்ல?”ன்னு கேட்டாங்க ஒரு நாள். “போவேம்மா”ன்னேன். கொஞ்ச நேரம் மிஷினை ஓட்டிட்டு இருந்தாங்க. “போறதுன்னா ஒரு மாசம் முன்னாடியே சொல்லு. தீபாவளி ஆர்டர் நேரத்துல போகாத, டெலிவரிக்கு ஆள் வேணும்.” இதுதான் எனக்குக் கிடைச்ச பெர்மிட். லடாக்ல உள் எல்லைக்குப் போக வாங்கின அனுமதியை விட இது பெருசு.

கிளம்புறதுக்கு முன்னாடி

சரி, முடிக்கிறேன்.

பயணத்துக்குப் பிளான் போடும்போது, திரும்பி வந்தப்புறம் ரெண்டு முழு நாளையும் அந்த லீவுலயே சேர்த்துப் போடுங்க. ஞாயித்துக்கிழமை ராத்திரி வந்து திங்கக்கிழமை லாக்இன் பண்ற வீரம் வேண்டாம். அந்த ரெண்டு நாள்ல துணி துவைங்க, தூங்குங்க, வண்டியைக் கடையில விடுங்க. ஒரு மாசச் செலவுக்கான பணத்தை அக்கவுண்ட்ல தொடாம வைங்க. ரோட்டுல இருந்து ஒரே ஒரு பழக்கத்தைக் கொண்டுவாங்க. நான் கொண்டுவந்தது, ஒரு நாளுக்கு ஒரு ‘ஊர்’. அதாவது, இன்னைக்குள்ள முடிக்கிற மாதிரி ஒரு வேலை. அது முடிஞ்சா அன்னைக்கு வண்டியை நிறுத்தியாச்சுன்னு அர்த்தம்.

அப்புறம் உங்களுக்கு ஒரு ஹோம்வொர்க். நீங்க வெளியூர் போயிட்டு வந்தப்போ உங்களுக்காக வீட்டுல காத்திருந்த ஒருத்தர் இருப்பாங்கல்ல? அம்மாவோ, அப்பாவோ, தாத்தாவோ, கூட ரூம்ல இருந்த பிரெண்டோ. அவங்ககிட்ட போய், “நான் இல்லாத அந்த நாளெல்லாம் உங்களுக்கு எப்படி இருந்துச்சு?”ன்னு கேளுங்க. இடையில பேசாதீங்க, முழுசாக் கேளுங்க. சம்மதிச்சா அவங்க குரல்லயே ஒரு நிமிஷம் பதிவு பண்ணி நமக்கு அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல உங்களோட குரல் வேண்டாம், அவங்க குரலைத்தான் போடப் போறோம்.

அதுவரைக்கும் ஹெல்மெட் ஸ்ட்ராப்பை மாட்டுங்க, மெதுவாப் போங்க. அதை விட மெதுவாத் திரும்பி வாங்க.